ரிப்போர்ட்டில் வராத அசதி

அன்புள்ள செந்திலுக்கு,

நலம். சென்ற வாரம் பேசும்போது, "ரத்தப் பரிசோதனை நன்றாகத்தானே வந்திருக்கிறது, பிறகு ஏனம்மா எப்போதும் அசதி என்கிறாய்?" என்று கேட்டாய். போனில் சொன்னால் புலம்பலாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கிருக்கும், மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதத்தின் தீவிரத்தைக் கணிக்க மருத்துவர் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, அவற்றோடு உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவைச் சேர்த்துக் கணக்கிடுகிறார். அந்தக் கணக்கில் அசதிக்கெனத் தனி இடம் கிடையாது. இந்நோய்க்கான மருந்து ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று வல்லுநர்கள் பரிந்துரைத்ததே 2007-இல்தான். நாங்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அசந்துகொண்டுதான் இருக்கிறோம்!

ரத்தசோகையும் தைராய்டும் இல்லை என்று உறுதியான பிறகு, மருத்துவர் என் மனநிலையைப் பற்றிக் கேட்டார். இரவில் மணிக்கட்டு வலியால் தூக்கம் கலைகிறது. தூங்காத மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரிகிறது. இனி விரல்கள் என்னவாகுமோ என்ற கவலையில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்த, நடமாட்டம் குறைந்து தசைகள் தளர்ந்து, குழம்பு வைப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. வீக்கத்தை உண்டாக்கும் அதே ரசாயனங்கள் மூளையையும் எட்டி உற்சாகத்தைக் குறைக்கக்கூடுமாம். ஆகவே உடம்பா மனசா என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்ல அவர் முயலவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மனச்சோர்வை அறிய அவர் கொடுத்த 9 கேள்விகளில் ஒன்றே அசதியைப் பற்றியதுதான் என்றால், எதை எதிலிருந்து பிரிப்பது?

இங்கிலாந்தில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். மூட்டுவாதப் பிரிவுச் செவிலியர்களும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சையாளர்களும் நோயாளிகளைக் குழுவாக அமர்த்தி, எண்ணங்களையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள 7 அமர்வுகளில் பயிற்றுவித்திருக்கிறார்கள். அசதி அடியோடு போய்விடவில்லை. ஆனால் அன்றாட வாழ்வில் அதன் பாதிப்பு குறைந்து, அந்தப் பலன் 2 ஆண்டுகள் வரை நீடித்ததாம்.

அதனால்தான் மனநல ஆலோசகரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன். உன் அத்தைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று அப்பா தயங்குகிறார். மூட்டுக்கு மருத்துவரிடம் போனதை ஊரே அறியும்போது இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அங்கே முதலில் கற்றது, தெம்பான நாளில் பரணைச் சுத்தம் செய்து, மாவரைத்து, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் படுத்துவிடக் கூடாது என்பதுதான். களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டுமாம். எனக்கு இது மாத்திரை விழுங்குவதைவிடக் கடினமாக இருக்கிறது. மாத்திரைகளை நிறுத்தவில்லை, பயப்படாதே.

இனி அழைக்கும்போது ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல், தூங்கினேனா, வெளியே நடந்தேனா என்றும் கேள். ஞாயிற்றுக்கிழமை முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுத்துக்கொள்வதால் திங்களன்று எனக்குப் பேசவே முடிவதில்லை. செவ்வாய் மாலை அழைத்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா