சொல்வதெழுதுதல் நோட்டில் விழுந்த ஓட்டைகள்: வகுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

எட்டு வயதில் என் சொல்வதெழுதுதல் நோட்டில் வாக்கியங்களுக்கு நடுவே ஓட்டை விழும். தொடக்கம் இருக்கும், முடிவு இருக்கும், இடையில் மூன்று நான்கு சொற்களைக் காணோம். “எங்கே பராக்குப் பார்த்தாய்?” என்று கேட்டால் முழிப்பேன். அந்தச் சொற்கள் என் காதில் விழவே இல்லை. அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனைக்காக என் தலையில் கம்பிகளை ஒட்டி, 3 நிமிடம் மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார். பாதியில் அப்படியே நின்றுவிட்டேனாம். அதுதான் வலிப்பு என்றார். வீட்டில் யாரும் நம்பவில்லை. கீழே விழவில்லை, கைகால் வெட்டவில்லை, இதுவா ஃபிட்ஸ்?

இதுவும்தான். பத்துப் பதினைந்து விநாடி பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும், இமை லேசாகப் படபடக்கும், அப்புறம் பிள்ளை ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். ஒரே நாளில் பல தடவை வரலாம். பகல் கனவென்றால் தோளைத் தொட்டதும் கலைந்துவிடும், இது கலையாது. இன்னொரு வகையில் உதட்டைச் சப்புவார்கள், சட்டைப் பொத்தானைத் திருகுவார்கள், கேட்டதற்குப் பதில் வராது. பெரியவர்களுக்கு இது தெருவில் வந்தால் குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய வலிப்பு வகுப்பில் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் மேசை நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது, கரண்டியால் பல்தான் உடையும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, இதுவே முதல் தடவை என்றாலோ ஆம்புலன்ஸ். பெரும்பாலும் அதற்கு முன்பே தானாக அடங்கிவிடும்.

அப்புறம் அந்தப் பிள்ளையை விளையாட்டிலிருந்து ஒதுக்காதீர்கள். நீச்சலுக்கு மட்டும் கண் அகலாத ஒரு ஆள் வேண்டும். சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரையைத் தவறவிடுவதும் தூக்கம் கெடுவதும்தான் பல சமயம் வலிப்பைத் திரும்ப வரவழைக்கும். சுற்றுலா அழைத்துப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். எனக்குப் பதின்ம வயதில் நின்றுவிட்டது. எல்லோருக்கும் அப்படி நிற்பதில்லை.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மருத்துவர் கண்ணெதிரே வலிப்பு வருவது அபூர்வம், உங்கள் கண்ணெதிரேதான் வரும். நோட்டில் ஓட்டை தெரிந்தால் சிவப்பு மையில் சுழிப்பதோடு விடாமல், பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பெற்றோர் வரும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
அந்த நோட்டின் சொந்தக்காரன்