ரிட்டுக்ஸிமாபைக் கடைசிப் படியில் வைக்காதீர்கள்

மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு மருந்துப் பட்டியல் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., உடலின் நோயெதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) நோயாளிக்கு முதலில் இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்து, அது பலிக்காவிட்டால்தான் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற படிவரிசை உங்கள் விதிகளில் இருந்தால், அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த வரிசை பழைய புரிதலில் பிறந்தது. நரம்பின் மையலின் உறையைத் தாக்குவது, நோயெதிர்ப்பு செல்களில் ஒன்றான டி செல்தான் என்று மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதத்துக்கு வழிசெய்வது மட்டுமே இன்னொரு வகையான பி செல்லின் வேலை என்று அதை ஓரங்கட்டியிருந்தது. 2008இல் வெளியான ஹெர்மீஸ் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. பங்கேற்றவர்கள் 104 பேர். மருந்து பெற்றவர்களுக்கு முதல் நாளும் 15ஆம் நாளும் 1,000 மி.கி. ரிட்டுக்ஸிமாப். ஆறு மாதத்துக்குள் எடுத்த மூளை ஸ்கேன்களில் புதிய அழற்சிப் புள்ளிகள், மருந்து பெறாதவர்களுக்கு இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்குச் சரிந்தன. இத்தனைக்கும் ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லை இந்த மருந்து தொடுவதே இல்லை. அது தேடிப் பிடிக்கும் சிடி20 என்ற புரதம் அந்த செல்லின் மேல் கிடையாது. அப்படியானால் பி செல் செய்யும் கெடுதல் வேறு: டி செல்லுக்கு இலக்கைக் காட்டிக்கொடுப்பதும், சைட்டோகைன்கள் என்ற தூண்டுபொருள்களைச் சுரந்து அதை உசுப்பிவிடுவதும்.

இந்த மருந்து ரத்தத்தில்தான் வேலை செய்யும், மூளைக்குள் போவது சொற்பம். உள்ளே மைக்ரோகிளியா என்ற மூளையின் நோயெதிர்ப்பு செல்கள் கனலத் தொடங்கிவிட்டால் அதை அணைக்க இதற்குப் பெரிதாக வலு இல்லை. அதனால்தான் காத்திருக்கக் கூடாது. இன்டர்ஃபெரான் ‘தோற்றது’ என்று எழுத இன்னொரு தாக்குதல் வர வேண்டும். அதில் போன பார்வையோ நடையோ முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மருந்துப் பெட்டியில் எம்.எஸ். நோய்க்கு என்று அச்சிடவில்லையே என்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கென்றே ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்துவிட்டது. 2022இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் மீண்டும் தாக்குதல் வந்தது இதைப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்கு. டைமெத்தில் ஃபியூமரேட் என்ற எம்.எஸ். மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு. இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் (மூல மருந்துக்கு இணையான வடிவம்) 2007 முதல் கிடைக்கிறது.

மருந்துக்கு மட்டும் பணம் தந்தால் போதாது, முன்பரிசோதனைகளும் சேர வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) மட்டும் பார்த்து ‘நெகடிவ்’ என்று விடுவதுதான் வழக்கமான தவறு. பழைய தொற்றையும் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். பி செல் போனதும் கல்லீரலில் உறங்கும் வைரஸ் விழித்துக்கொள்ளும். காசநோய்ப் பரிசோதனை, ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள முக்கிய ஆன்டிபாடி) அளவு, நான்கு வாரத்துக்கு முன்பே தடுப்பூசிகள் ஆகியவையும் வேண்டும். அக்வாபோரின்-4 ஆன்டிபாடிப் பரிசோதனையைத் தவறவே விடக்கூடாது. இந்த ஆன்டிபாடி காட்டிக்கொடுப்பது, எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. (நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா) நோயை; அதில் இன்டர்ஃபெரான் நிலைமையை மோசமாக்கும். படிவரிசை விதி நேரடியாகக் கேடு செய்வது இங்கேதான்.

அடுத்தது படுக்கை நேரம். அரை மணி முன்னதாக 100 மி.கி. மெத்தில்பிரெட்னிசொலோன், கூடவே பாராசிட்டமாலும் அலர்ஜி மருந்தும். பிறகு ட்ரிப் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி 400 வரை. கணக்குப் போட்டால் 1,000 மி.கி. இறங்க, ஒரு தடங்கலும் இல்லாமல், 4 மணி 15 நிமிடம். முதல் ட்ரிப்பில் தொண்டை அரிப்பதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் சகஜம். பி செல்கள் உடையும்போது கொட்டும் சைட்டோகைன்களே காரணம். நிறுத்தி, அடங்கியபின் பாதி வேகத்தில் தொடர வேண்டும். அரைநாள் படுக்கைக்கு மட்டும் கட்டணம் தந்தால் செவிலியர் வேகத்தைக் கூட்டத்தான் செய்வார். முதல் இரண்டு ட்ரிப்புக்காவது முழுநாள் கட்டணம் கொடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடுத்த ட்ரிப். அது சில வாரம் தள்ளிப்போனால் நடாலிசுமாப் என்ற வேறொரு எம்.எஸ். மருந்தை நிறுத்தியதுபோல் நோய் சீறிக்கொண்டு வராது, உண்மைதான். அதற்காக ஒவ்வொரு முறையும் புது ஸ்கேனும் புது விண்ணப்பமும் கேட்டு மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம். ஓராண்டுக்கான எல்லா ட்ரிப்புக்கும் ஒரே ஒப்புதல் தாருங்கள். அதற்கு நிபந்தனையாக ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன் ஐஜிஜி அளவைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
எம்.எஸ். நோயாளிகளுக்கு ட்ரிப் ஏற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்