வண்ணம் பூசிய போர்ப்படத்தில் எது நிஜம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் இரண்டாம் உலகப் போர்க்கால பர்மா பற்றிய வண்ணக் காணொளியை வாயாரப் புகழ்ந்திருந்தீர்கள். யாங்கோனில் நம்மவர்கள் எல்லார் போனிலும் இப்போது அதுதான் ஓடுகிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்குக் கம்ப்யூட்டரை வைத்து வண்ணம் பூசி, சத்தம் சேர்த்து யாரோ விட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே சரித்திரம் என்று நம் பத்திரிகையும் எழுதலாமா?

சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 மே மாதம் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) துறைமுகம், படகுகளிலிருந்து பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாய்கள் இறங்குகிறார்கள், பின்னால் மெஷின் கன் படபடவென்று வெடிக்கிறது. அந்த நேரம் ஊருக்குள் சண்டையே கிடையாது ஐயா! ஏப்ரல் கடைசியிலேயே ஜப்பான்காரன் ரங்கூனைக் காலி செய்துவிட்டான். ரங்கூன் சிறையில் அடைபட்டிருந்த போர்க்கைதிகள் கூரை மேல் ஏறி, ஜப்பானியர் போய்விட்டார்கள் என்று மேலே பறக்கிற விமானத்துக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். மே 1ஆம் தேதி ஆற்று முகத்துவாரத்தில், எலிபன்ட் பாயின்ட் பக்கம், கூர்க்கா பாராசூட் படை இறங்கியபோது ஒரு சின்ன மோதல் நடந்தது உண்மை. 3ஆம் தேதி 26ஆவது இந்திய டிவிஷன் நகரத்துக்குள் வந்தபோது எதிர்த்துச் சுட ஆளில்லை. தவிர, ராணுவப் படப்பிடிப்பாளர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த கைக் கேமராவில் ஒலி பதியாது. நூறு அடி பிலிம் போட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட வெடிச்சத்தம் பிறகு யாரோ ஒட்டவைத்தது.

வண்ணமும் அதே கதைதான். விமானச் சிறகில் வட்டக்குறி இருக்கிறதே, அதை நிறுத்திப் பாருங்கள், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் விமானத்துக்கு இங்கிலாந்தில் அது சரி. இந்தப் பக்கம் பறந்த விமானங்களில் அந்தச் சிவப்பை அழித்துவிட்டார்கள், ஏனென்றால் ஜப்பான் விமானத்தின் அடையாளமே சிவப்பு வட்டம், அவசரத்தில் கீழே இருக்கிறவன் சொந்த விமானத்தையே சுட்டுவிடுவான் என்ற பயம். உடுப்பும் அப்படியே. 1942இல் பிரிட்டிஷ் ராணுவம் ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கியபோது காக்கி, திரும்பி வந்த பிரிட்டிஷ் 14ஆவது ராணுவம் போட்டிருந்தது காட்டுப் பச்சை. இந்தக் காணொளியில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாருக்கும் காக்கிதான்!

இன்னொரு இடம். ஆற்றோரம் கப்பல்கள், பின்னால் போத்தத்தாவுங் பகோடா ஒரு சேதமும் இல்லாமல் நிற்கிறது, கீழே ‘1945’ என்று போட்டிருக்கிறார்கள். 1943 நவம்பர் 8ஆம் தேதி நேச நாட்டு விமானக் குண்டு விழுந்து அந்தப் பகோடா தரைமட்டமானது, இப்போது நாம் கும்பிடப் போவது சுதந்திரத்துக்கு அப்புறம் திரும்பக் கட்டியது. ஆக அந்தக் காட்சி குண்டு விழுவதற்கு முன்னால் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும், போருக்கும் முன்பாகக்கூட இருக்கலாம். இந்த ஊர்க்காரர்கள் நாமே இதைக் கவனிக்கவில்லை என்றால் வேறு யார் கவனிப்பார்கள்?

எனக்கு உண்மையில் ஆதங்கம் வேறு. அதே காட்சியில் ஓரமாகச் சில பேர் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு மூட்டை சுமந்து போகிறார்கள். ஒருவர் நின்று கேமராவையே பார்க்கிறார், அடுத்த நொடி வெட்டிவிட்டார்கள். படம் எடுத்தவன் ஒவ்வொரு சுருளோடும் ஒரு குறிப்புத்தாள் எழுதி அனுப்புவான், தேதி, இடம், எந்தப் படைப்பிரிவு என்று. சிப்பாயைப் படம் பிடிக்க வந்தவன் சுமை தூக்குகிறவன் யாரென்று எதற்கு எழுதப் போகிறான்? 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது துறைமுகப் பக்கம் செத்தவர்களில் நிறையப் பேர் இந்த மாதிரிக் கூலிகள்தான், தமிழர், தெலுங்கர், ஒடியாக்காரர் எல்லாரும். அதற்குப் பிறகு இந்தியாவுக்கு நடையாய்க் கிளம்பிய லட்சக்கணக்கானவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்துப்போய்விட்டார்கள்.

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. வண்ணமும் சத்தமும் சேர்க்காத மூலப் படம் பலதையும் அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கி வாரம் ஒரு படம் போடுங்கள். எந்தத் தெரு, எந்தக் கோயில், எந்த ஜெட்டி என்று வாசகர்களைக் கேளுங்கள். அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு ஆகிறது, மோல்மினிலும் தட்டோனிலும் பெகுவிலும் நினைவு தெளிவாக இருக்கிற பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கு போன் திரையெல்லாம் சரிப்படாது. அதனால் படத்தை அரைப் பக்கத்துக்காவது பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், யாங்கோன்