வொரியருக்கும் மேஜுக்கும் ஒரே காலக்கெடுவா? கில்ட் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கில்ட் தலைவர் அண்ணாவுக்கும் ஒஃபிஸர்மாருக்கும்,

வணக்கம். வேர்ல்ட் ஒஃப் வொர்கிராஃப்ட் க்ளாசிக் கேமில் ஒன்றாக ஆடும் நம் கில்ட்டுக்கு ஞாயிறு இரவு நீங்கள் போட்ட அறிவித்தலை வாசித்தோம். மாத முடிவுக்குள் 40 லெவலைத் தொடாதவர்களுக்கு ரெயிட் எனும் நாற்பது பேர் கூட்டுச் சண்டைக்கான பட்டியலில் இடமில்லை, வொரியர், மேஜ் என்று எந்தக் கிளாஸ் (பாத்திர வகை) என்றாலும் விதி ஒன்றுதான் என்கிறது அது. கூடவே ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் அநேகமாக எல்லாமே வொரியர்களின் பெயர்கள். அது தற்செயலாக நடந்ததில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் அப்படியே போட்டுவிட்டீர்களே என்பதுதான் எங்கள் மனவருத்தம்.

முக்கியமாக ஒரு கோரிக்கையோடு எழுதுகிறோம்: அந்தக் காலக்கெடுவிலிருந்து வொரியர்களை விடுவியுங்கள்.

பட்டியலில் இருக்கிற பிள்ளைகள் பலர் மேஜ் அல்லது ஹண்டர் எடுக்கலாம் என்று வந்தவர்கள். "டாங்க் பண்ண ஆளில்லை, வொரியர் எடுங்கோ தம்பி, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" என்று அவர்களைத் திருப்பியது தலைமை. உச்ச லெவலான 60இல் கேடயத்தோடு முன்னால் நின்று அடிவாங்கும் டாங்க் ஒருவர் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். ஆனால் அந்த 60க்கு வருகிற வழியை யார் பார்த்துக்கொண்டது?

நீங்கள் எல்லோரும் இப்போது தூர நின்று மந்திரம் போடும் மேஜ், ப்ரீஸ்ட், வோர்லொக் ஓட்டுகிறவர்கள். வெஸ்ட்ஃபால் பகுதியில் 15 லெவல் வொரியர் ஒருவன் தனியாக டிஃபையஸ் கொள்ளைக் கூட்டத்தோடு மோதுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பில்லேஜர் ஃபயர்போல் எறிகிறவன், பக்கத்தில் இன்னொருவன் வாளோடு. இருவரும் இவனுக்குச் சமமான லெவல். எதிரிமேல் பாயும் சார்ஜ் அடித்தால் கிடைப்பது 9 ரேஜ், அதாவது வொரியரின் அடிகளுக்குச் செலவாகும் சினம். ரெண்ட் என்ற அடியைப் போட 10 வேண்டும், ஹீரோயிக் ஸ்ட்ரைக் என்ற அடிக்கு 15. அதாவது பாய்ந்து போய் நின்ற இடத்தில் அவனிடம் அழுத்துவதற்கு ஒரு பட்டனும் இல்லை. ப்ளட்ரேஜை முதலில் அழுத்திவிட்டுப் போகலாம்தானே என்பீர்கள். அதை அழுத்திய உடனேயே சண்டை தொடங்கியதாகக் கணக்கு, பிறகு சார்ஜ் பூட்டிக்கொள்ளும். ஆகவே சார்ஜ் முதலில், ப்ளட்ரேஜ் பிறகு. அந்த ப்ளட்ரேஜும் சொந்த உயிரில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் ரேஜ் தரும்.

முதல் அடி தவறினால் ரேஜ் வராது. இரண்டாவதையும் எதிரி விலத்திவிட்டால் அவனைத் திருப்பி அடிக்க ஓவர்பவர் இருக்கிறது, 5 ரேஜ்தான், ஆனால் அந்த வாய்ப்பு சில விநாடிகளுக்குத்தான். எதிரி சாகும் தறுவாயில் திரும்பி ஓடுவான். அவனை நொண்ட வைக்க ஹாம்ஸ்ட்ரிங்குக்கு 10 ரேஜை முன்கூட்டியே மிச்சம்பிடித்து வைத்திருக்க வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு கடல் தாண்டிய சர்வரில் ஆடும்போது இது இன்னும் மோசம். திரையில் பக்கத்தில் தெரிகிற ஆள் சர்வரின் கணக்கில் ஏற்கனவே கைக்கெட்டாத தூரத்தில். கைச்சண்டைக்காரனுக்கு எட்டுவது ஏறக்குறைய 5 யார்ட். மேஜின் ஃப்ரொஸ்ட்போல்ட் மந்திரம் 30 யார்ட் போகும். அதே லாக்தான் (இணையத் தாமதம்), நீங்கள் உணர்வதேயில்லை. தப்பி ஓடியவன் அடுத்த குடிசையிலிருந்து இன்னும் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருவான். மூன்று பேர் சேர்ந்தால் அந்த வொரியர் செத்தான். மேஜுக்கு எதிரிகளை நின்ற இடத்தில் உறையவைக்கும் ஃப்ரொஸ்ட் நோவா இருக்கிறது, வோர்லொக்குக்கு அடிவாங்க வொய்ட்வோக்கர் என்ற பூதம், ஹண்டருக்குப் பெட் எனும் வளர்ப்பு விலங்கு. வொரியருக்கு இருப்பது 20 லெவலில் கிடைக்கும், அடிப்பவர்களைத் திருப்பியடிக்கும் ரிட்டாலியேஷன், அதுவும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை.

வென்றாலும் கதை முடியவில்லை. வொரியருக்குத் தன் உயிரைத் தானே மீட்கும் மந்திரம் எதுவும் இல்லை. ஹெவி லினன் பண்டேஜ் 6 விநாடியில் 114 உயிர் தரும், பிறகு ஒரு நிமிடத்துக்கு வேறு பண்டேஜ் கட்ட முடியாது. கட்டும்போது யாராவது அடித்தால் அதுவும் நின்றுவிடும். மிச்சத்துக்குக் குந்தியிருந்து சாப்பிட வேண்டும், 15 லெவல் சாப்பாடு 24 விநாடியில் 552 உயிர். எழும்பும்போது சேர்த்த ரேஜ் எல்லாம் வடிந்துபோயிருக்கும், அடுத்த சண்டை மறுபடியும் பூச்சியத்தில் இருந்து. ஒரு லெவல் முழுக்க இப்படித்தான் போகிறது. மேஜுக்குத் தாகம் தீர்ந்தால் வேலை முடிந்தது, அந்தத் தண்ணீரையும் அவர் தானே செய்துகொள்கிறார்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. ரேஜ் அடியின் கனத்தைப் பொறுத்து வருவது. மெதுவான, கனத்த இரட்டைக்கை ஆயுதம் ஒன்றைக் கொடுத்தால் அதே பிள்ளையின் பாதிக் கஷ்டம் தீரும். எறிகத்தியால் ஒருவனை மட்டும் சீண்டிவிட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்தால் ஃபயர்போல்காரன் கிட்ட வந்தே ஆக வேண்டும். தன் லெவலுக்கு ஒன்றிரண்டு கீழே உள்ளவர்களைத் தேடிப் போனால் அடி தவறுவது குறையும். வாள், கோடரி என்றால் ஷார்ப்பனிங் ஸ்டோன், சம்மட்டி என்றால் வெயிட்ஸ்டோன் தேய்த்தால் அடி கூடும். இவற்றை அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம், அதில் குறையில்லை. ஆனால் பண்டேஜ் செய்யும் லினன், வுல், சில்க் துணிகள் எல்லாம் உங்கள் வங்கிக் கரெக்டரின் (பொருள் சேர்த்துவைக்க வைத்திருக்கும் பாத்திரம்) பைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கேட்டால் ரெயிட்டுக்குச் சேர்க்கிறோம் என்கிறீர்கள். ரெயிட்டில் லினன் பண்டேஜ் யாருக்கு?

ஆயுதம் கொடுத்தோமே என்று ஒரு ஒஃபிஸர் பதில் போட்டிருந்தார். கொடுத்தது உண்மை. அதுவரை வாள் பிடித்துவந்த 20 லெவல் பிள்ளைக்கு இரட்டைக்கைக் கோடரி. அதைப் பிடிக்கவே ஐயர்ன்ஃபோர்ஜ் நகரத்துக்குப் போய் 10 சில்வர் கட்டிப் பழக வேண்டும். பழகினாலும் அந்த ஆயுதத்துக்கான திறன் 1 இல் தொடங்கும். 20 லெவலில் அது 100 ஆக இருக்க வேண்டும். அதுவரை அடிக்கு அடி தவறும், தவறினால் ரேஜ் இல்லை, ரேஜ் இல்லையென்றால் வொரியரே இல்லை. நல்ல மனதோடு கொடுத்ததுதான், நன்றி. ஆனால் எந்த ஆயுதம் பழகியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏன் 40? நீங்கள் கோடு கிழித்த இடம்தான் வொரியரின் கஷ்டம் முடிகிற இடம். பலரை ஒன்றாக அடிக்கும் ஸ்வீப்பிங் ஸ்ட்ரைக்ஸ் 30 இல் வருகிறது, அதேபோன்ற வேர்ல்விண்ட் 36 இல், மோர்ட்டல் ஸ்ட்ரைக் என்ற பலத்த அடியும் கனத்த ப்ளேட் கவசமும் 40 இல். அதுவரை அவன் பாதி கட்டிய வீடு. கட்டி முடிக்கும் முன்பே குடிவரவில்லை என்று பெயரை வெட்டுகிறீர்கள். மேஜையும் வொரியரையும் 40 இல் ஒப்பிட்டுப் பார்த்து யார் விளையாட்டில் அக்கறையுள்ளவர் என்று முடிவுகட்டுவது எந்த வகையிலும் சரியில்லை. 60 இல் ஒப்பிடுங்கள், நாங்கள் வாய்திறக்க மாட்டோம்.

"தனியே ஏன் ஆடுகிறார்கள், குழுவாக டஞ்சன் (சிறு குழுவுக்கான எதிரிக் கோட்டை) போகலாமே" என்றும் கேட்கப்பட்டது. போகலாம்தான், யாராவது இருந்தால். எச்சரிக்கைப் பட்டியலில் பாதிப்பேர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகள். பின்னேரம் வெள்ளவத்தையில் ட்யூஷன், வீடு வந்து சாப்பிட்டுப் படித்து முடிய நள்ளிரவு. வீட்டு இணைப்பில் இரவு டேட்டா தொடங்குவதும் நள்ளிரவில்தான், பகல் டேட்டா அம்மா, அப்பாவின் வேலைக்கும் தங்கச்சியின் பாடத்துக்கும் போய்விடும். அந்த நேரத்தில் கில்ட்டில் பச்சை விளக்கு எரிகிற ஹீலர் (மற்றவர்களின் உயிரை மீட்பவர்) யார்? ஒருவரும் இல்லை. ஆகத் தனியேதான் ஆட வேண்டும். தனியே ஆடுவதற்கு மிகவும் கடினமான கிளாஸை அவர்கள் தலையில் கட்டியதும் நாம்தான்.

இது நமது கில்ட்டில் மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. எங்கும் டாங்க் வேண்டும், ஹீலர் வேண்டும் என்று கத்துவார்கள். அந்த டாங்க் 25 லெவலில் டஸ்க்வூட் இருட்டில் தன் பிணத்தைத் தேடி ஓடும்போது ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஒவ்வொரு சாவுக்கும் போட்டிருப்பவற்றின் உறுதியில் 10 வீதம் போகும், திருத்துகிற காசும் அவனுடையது. கடைசியில் சலித்துப்போய் விட்டுப் போனால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை" என்பார்கள். அவர்களிடம் இருப்பதெல்லாம் பொறுமைதான், ஐயா.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் உழைப்பை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. நாற்பது பேரை ஒரே இரவில் ஓரிடத்தில் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

தயவுசெய்து காலக்கெடுவிலிருந்து வொரியர்களை விடுவியுங்கள். அதோடு வங்கிக் கரெக்டரில் கிடக்கிற லினன், வுல், சில்க் துணிகளை 40 லெவலுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள். 30 லெவலைத் தொட்ட வொரியர்களுக்காக ஒரு சனிக்கிழமை இரவு மட்டும் ஒதுக்குங்கள். ஃப்ரே தீவுக்கு ரட்செட் துறைமுகத்திலிருந்து நீந்திப்போய் பெர்செர்க்கர் ஸ்டான்ஸ் என்ற சண்டை நிலையை எடுப்பதை அவர்கள் தனியே செய்துகொள்வார்கள். அதற்குப் பிறகு ஆல்டெராக் மலையில் சைக்லோனியன் என்ற எதிரி இருக்கிறது, 40 லெவல் எலீட் (சாதாரண எதிரியைவிடப் பலம் கூடியது), தனியே முடியாது. உங்களில் ஒரு ஹீலரும் ஒரு மேஜும் வந்து நின்றால் வேர்ல்விண்ட் கோடரி, வாள், சம்மட்டி மூன்றில் அவரவர் பழகியதை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆயுதத்தோடு 40 வரை வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

வருகிற வெள்ளி ஒஃபிஸர் கூட்டத்தில் இதைப் பேசி, பட்டியலைத் திருத்திப் போடும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். சைக்லோனியனுக்கு எந்தச் சனிக்கிழமை என்று சொன்னால் டாங்க் பண்ணுவதற்கு எங்களில் இருவர் தயார்.

இப்படிக்கு,
கில்ட்டின் மூத்த வொரியர்கள்,
கொழும்பு