பங்கு ஆள் என்று சொல்லி ஒதுக்காதீர்கள்: விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் கரையில் உள்ள விசைப்படகு உரிமையாளர் சங்கங்களின் தலைவர்களுக்கும், படகு வைத்திருக்கும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். பதினெட்டு வயதில் படகு ஏறினேன். இருபத்திரண்டு வருஷம் உங்களில் நான்கு பேருடைய படகில் தொழிலுக்கு வந்திருக்கிறேன். 2023 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை போன தொழிலில், வலது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கு விரலும் விஞ்சில், அதாவது வலையை இழுக்கும் இயந்திரத்தில், போய்விட்டன. யாருடைய படகு என்று இங்கே எழுதப் போவதில்லை. அது மனுவாகப் போயிருக்கிறது, அங்கே பேசிக்கொள்கிறோம். இந்த மடல் உங்கள் எல்லோருக்கும். ஏனென்றால் எனக்கு நடந்தது ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்தக் கரைப் படகிலும் நடக்கலாம், அடிபட்ட பிறகு அந்த ஆளை நடத்துகிற விதமும் எல்லாக் கரையிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விடியப் போகிற நேரம், கடைசி மடி வாங்கிக்கொண்டிருந்தோம், அதாவது வலையைப் படகுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். ரோப்பு டிரம்மில் ஒரே பக்கமாகக் குவிந்தது. குவிந்தால் கையால் தள்ளி ஒழுங்காகச் சுற்ற விடுவதுதானே நம் வழக்கம், அதைத்தான் செய்தேன். கையுறையில் பிரிந்து நின்ற ஒரு நூல் ரோப்போடு போனது, நூலோடு கையுறை போனது, கையுறையோடு கை போனது. நான் கத்தியது டிரைவர் காதில் விழுந்து அவர் கிளட்சை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூட வந்த தம்பி தன் கைலியைக் கிழித்துச் சுற்றி, மீனுக்கு வைத்திருந்த ஐஸை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தான். கரை சேர நாலு மணி நேரம். அந்த விஞ்சுக்கு ஒரு மூடி கிடையாது. ஒரு தகரமும் நாலு போல்ட்டும் போட எவ்வளவு ஆகும் என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததுதான் என் குடும்பத்தை இரண்டு வருஷம் அலைய வைத்தது. சீட்டு எழுதுகிறவர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். வாயைத் திறந்து பேசும் நிலையில் நான் இல்லை. படகு சார்பாக வந்தவர் முந்திக்கொண்டு, வீட்டில் தண்ணீர் மோட்டாரில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டார். கடலில் நடந்தது என்றால் மரைன் போலீஸ், மீன்துறை, விசாரணை என்று படகு நாலு நாள் நிற்குமே என்ற பயம். அவர் சொன்னது அப்படியே ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மேஜைக்குப் போனாலும் முதலில் அந்தக் காப்பியைத்தான் கேட்டார்கள், வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். இது வீட்டில் நடந்தது என்றுதானே இருக்கிறது?

அப்புறம் படகின் அந்தக் கணக்கு நோட்டு. வீட்டுக் கூரைக்காக நான் படகிலிருந்து 60,000 முன்பணம் வாங்கியிருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போய்விட்டது. வண்டி வாடகை, வெளியில் வாங்கிய மருந்து, மதுரையில் தங்கிய செலவு என்று 23,000 ரூபாய் படகிலிருந்து கொடுத்தார்கள். நல்ல மனசு என்று கும்பிட்டு வாங்கினாள் என் மனைவி. மூன்று மாதம் கழித்துக் கணக்குக் கேட்கப் போனபோது நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். என் பெயருக்கு நேராக 60,000, அதன் கீழே பச்சை மையில் 23,000, அதன் கீழே கோடு போட்டு 83,000. படகில் வேலை செய்து கை போனதற்கு மருந்து வாங்கிய காசு, நான் வாங்கிய கடனாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பச்சை மை இன்னும் கண்ணில் நிற்கிறது.

வேலைக்குப் போக முடியாத ஆள் எப்படிப் பிழைக்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் மாதம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள், கையில் கொஞ்சம் காசு வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் மாதம் மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. மூன்றாம் மாதம் குழு லோன் தவணை நின்றது. வாரா வாரம் 1,150 ரூபாய். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் தெருவில் கூடப் பிறந்தவள்போல் இருந்தவர்களே பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரேஷன் அரிசி இருந்தது, பசி தெரியாமல் பார்த்துக்கொண்டது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 வந்தபோது மின் கட்டணமும் பள்ளி வேன் பாக்கியும் கட்டினோம். என் மனைவி அதற்கு முன் கடலில் இறங்கியதில்லை. பாம்பன் பக்கத்துப் பெண்களோடு கடல்பாசி எடுக்கப் போக ஆரம்பித்தாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் கையை விட்டுப் பிய்க்க வேண்டும், துணியையும் மீறி வெட்டும். ராத்திரி அவள் விரல்களுக்கு மஞ்சள் வைக்கும்போது என்னால் முடிந்தது விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

இழப்பீடு கேட்டபோது உங்கள் பக்கத்திலிருந்து வந்த பதில் ஒன்றுதான்: நீ கூலி ஆள் இல்லை, பங்கு ஆள். லாபத்தில் பங்கு வாங்கினாய், ஆபத்திலும் உனக்குப் பங்கு.

அண்ணன்மார்களே, இதை நிதானமாக யோசியுங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்து, படகுக்கு எடுத்தது போக மிச்சத்தில் எங்களுக்குப் பிரித்துத் தருகிறீர்கள், சரி. ஆனால் என்றைக்குப் போவது, எங்கே மடி விடுவது, எந்த கம்பெனிக்கு மீனைப் போடுவது, யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது, இதில் எதையாவது எங்களைக் கேட்டு முடிவு செய்தது உண்டா? படகை விற்றால் எங்களுக்கு ஒரு பைசா வருமா? கூலியைத் தினக்கணக்கில் கொடுக்காமல் மீன் கணக்கில் கொடுக்கிறீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் சொல்லுக்கு உங்கள் படகில் வேலை செய்கிறவன் உங்கள் தொழிலாளி என்றுதான் நான் சொல்கிறேன். மனுவிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எனக்குச் சட்டம் தெரியாது. இருபதாவது மாதம் ராமநாதபுரத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் உட்கார்ந்தபோதுதான் ஒரு வக்கீலம்மா காசு வாங்காமல் விளக்கினார்கள். 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இயந்திரத்தில் ஓடும் கப்பலில் வேலை செய்கிறவனையும் கணக்கில் எடுக்கிறது. (2025 நவம்பரிலிருந்து அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, இழப்பீடு தருகிற கடமை போகவில்லை.) ஒரு கையில் நான்கு விரலும் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 சதவீதம் போனதாக அட்டவணையிலேயே இருக்கிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 முதல் 15,000. அப்படிப் பெருக்கி அதில் பாதி போட்டால் 8,28,765 ரூபாய் வருகிறது. அதுபோக, சிகிச்சையில் வேலைக்குப் போக முடியாமல் கிடந்த காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒரு தடவை சம்பளத்தில் கால் பங்கு, அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம். மருத்துவச் செலவைத் தனியாகத் தர வேண்டும், அதை இழப்பீட்டில் கழிக்கக்கூடக் கூடாது. பச்சை மையில் எழுதிய அந்த 23,000-ஐ அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து என்னிடம் ஒரு தாளில் இடது கை ரேகை வாங்கினார்கள், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. உரிமையை விட்டுக்கொடுத்தேன் என்று அப்படி எழுதி வாங்கினாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், எனக்கு நாலு மாதம்தான் மிச்சம் இருந்தது. உங்களோடு சண்டைக்கு வந்து நான் கோர்ட்டு ஏறவில்லை, நாள் முடிந்துபோகும் என்றுதான் ஏறினேன்.

மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் ஐந்து லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 இருக்கிறது. பிரீமியம் முழுக்க அரசாங்கம் கட்டுகிறது, மீனவன் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இல்லை, சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் விசாரிக்காமல் விட்டுவிட்டேன். பாங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடும் அப்படித்தான். மே மாதம் கணக்கில் காசு இல்லாததால் புதுப்பிக்காமல் போயிருந்தது. இதைப் படிக்கிற கூட்டாளிகள் இன்றைக்கே போய் இரண்டையும் பாருங்கள். பெயர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். அடிபட்டால் எங்கே, எந்தப் படகில், எப்படி என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், பேச முடியாவிட்டால் கூட வந்தவன் சொல்லட்டும். ஏ.ஆர். காப்பியை ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் ஒருத்தரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது என்னை இந்த மடலை எழுத வைத்த விஷயம். போன மாதம் படகிலிருந்து ஆள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், காபி குடித்தார். அப்புறம், அந்த 83,000 அப்படியே நிற்கிறது, பையன் வளர்ந்துவிட்டானே, அவனை ஏறச் சொன்னால் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார். என் மகனுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறான். அவன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போன பிறகு என்னிடம் வந்து, நான் போகிறேன்ப்பா என்றான். என் வாழ்க்கையில் விஞ்சில் கை போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. அவனை அனுப்ப மாட்டேன். அதே படகு, அதே விஞ்சு, இன்னும் மூடி போடவில்லை.

நீங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லை தாண்டினான் என்று இலங்கைக்காரன் படகைப் பிடித்தால் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்த முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். டீசல் கடன், ஐஸ் கடன், கம்பெனிக் கடன் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு விபத்துக்கு எட்டு லட்சம் எடுத்து வைக்கும் சக்தி உங்களில் பல பேருக்கு இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், சங்கமாகச் சேர்ந்து ஆட்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிலேயே இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, அதுக்கு மேல் அபராதம் என்று சட்டம் போகிறது. பாலிசி இருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையிலும் விழாது.

தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில்தான் நிற்கிறது. மீன்துறை ஆய்வுக்கு வரும், நீங்களும் பெயின்ட் அடித்து வேலை பார்ப்பீர்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் முடிக்கக்கூடியதைத்தான் கேட்கிறேன். விஞ்சுக்கு மூடி போடுங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் யார் யார் ஏறினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைச் சங்கத்தில் வையுங்கள், அன்றைக்கு நான் அந்தப் படகில் இருந்தேன் என்று நிரூபிக்க நான் அலைந்ததுபோல் இன்னொருத்தன் அலையக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவை முன்பணக் கணக்கில் எழுதுவதை நிறுத்துங்கள். அடிபட்டு வேலைக்கு வர முடியாதவனின் முன்பணத்தை அவன் மகனிடமும் மனைவியிடமும் கேட்காதீர்கள் என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். என் வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, இந்தத் தீர்மானம் வேண்டும்.

அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். ஏ.ஆர். காப்பி என்னிடம் இருக்கிறது, அந்த நோட்டுப் பக்கத்தையும் அன்றைக்கு என் மனைவி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். உங்கள் முன்னால் வைத்துப் பேசுகிறேன். அதுவரைக்கும் என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், மார்ச்சில் பையனுக்குப் பரீட்சை இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு படகுத் தொழிலாளி