மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள அம்மிணிக்கு,

"இனி இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்மா, எல்லாத்தையும் நிறுத்திட்டு நாட்டு மருந்துக்குப் போறேன்" என்று போனில் சொன்னாய். பக்கத்தில் உங்கப்பா இருந்ததால் நான் அதிகம் பேசவில்லை. உன் சலிப்பு எனக்குப் புரிகிறது சாமி. மாத்திரை முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி நீர்க்கடுப்பு, ராத்திரித் தூக்கம் போச்சு, பஸ்ஸில் ஏறவே பயம் என்று இருந்தால் யாருக்குத்தான் வெறுத்துப் போகாது?

நாட்டு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு வந்திருப்பது என்ன என்று தெரியாமல் எந்த மருந்தையும் தொடாதே. அடுத்த முறை எரிச்சல் வந்தால், மாத்திரை போடும் முன்பே யூரின் கல்ச்சருக்குக் கொடு. கிருமி இருக்கிறதா, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில் தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் 2 தடவை அல்லது ஒரு வருஷத்தில் 3 தடவை சிறுநீர்த் தொற்று வந்தால், அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று எடுத்துக்கொண்டு தனியாகக் கவனிக்க வேண்டும். எரிச்சலும் அடிவயிற்று வலியும் மாதக்கணக்கில் இருந்தும் கல்ச்சரில் கிருமியே இல்லையென்றால், அது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்பார்கள். அதற்கு ஆன்டிபயாடிக் எத்தனை சாப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை. காபி, எலுமிச்சை, தக்காளி, காரம் இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீயே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடு.

அப்புறம் தண்ணீர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள், பாத்ரூம் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நீயும் அதையேதான் செய்கிறாய். 2018-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதிப் பேரை வழக்கத்தைவிட தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை தொற்று வந்தது, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். காசில்லாத வைத்தியம் இது. ஒன்னுக்கை அடக்கி வைக்காதே. மலச்சிக்கலையும் விடாதே, குடல் நிறைந்து கிடந்தால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது.

அம்மாயி வைக்கும் பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டுப் பொரியல், சீரகத் தண்ணி எல்லாம் தாராளமாகச் சாப்பிடு. நம் மேட்டாங்காட்டில் காலில் குத்துகிற நெருஞ்சியும், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவும் சித்த வைத்தியத்தில் நீர் பிரிவதற்குக் கொடுக்கும் மூலிகைகள்தான். பட்டப்படிப்பு படித்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் குடி, அதை உன் டாக்டரிடமும் சொல். கிருமி இருக்கும்போது மாத்திரைக்குப் பதிலாக இவற்றை வைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. கிரான்பெர்ரிப் பழம் பற்றிக் கேட்டிருந்தாய். திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்குத் தொற்று வருவதை ஓரளவு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. வந்த தொற்றை அது குணமாக்காது. தொற்று வராமல் தடுக்கும் என்று விற்கிற டி-மானோஸ் என்ற சர்க்கரைப் பொடிக்குக் காசு கொடுக்காதே, 2024-இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில் அது பலன் தரவில்லை.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். வாட்ஸப்பில் வரும் பேர் தெரியாத சூரணத்தை வாங்காதே, அதில் எந்தச் செடி கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நம் காடுகளில் ஆடுகூட வாய் வைக்காத ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதே, அந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு இதனால்தான் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்று யாராவது சொன்னால், பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்த எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இருமினால், சிரித்தால் சொட்டுகிறது என்றாயே, அதற்குப் பயிற்சி இருக்கிறது. ஒன்னுக்கை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். 1948-இல் கெகல் என்ற டாக்டர் எழுதி வைத்தது, இன்றைக்கும் முதல் வைத்தியம் அதுதான். ஒன்னுக்குப் போகும்போது செய்து பழகாதே. வலியும் இருந்தால் இறுக்குவது அதைக் கூட்டிவிடலாம், அப்போது தளர்த்தத்தான் பழக வேண்டும். அதனால் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துக் கேள்.

குளிர் காய்ச்சல், விலாவில் வலி, நீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் கஞ்சி வைத்துக்கொண்டு உட்காராதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, போகும்போதே எனக்குப் போன் பண்ணு.

பொங்கலுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வா. ஈரோட்டில் சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் நாம் இரண்டு பேரும் போகலாம். உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா