லூசில் பால் முதலாளியாகவும் இருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் லூசில் பாலைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சந்தோஷம், அந்தக் காலத்து அமெரிக்க டிவி நடிகையைப் பற்றியெல்லாம் இங்கே யார் எழுதுகிறார்கள். ஆனால் கட்டுரை முழுக்க அவர் முழி முழித்ததும் தடுக்கி விழுந்ததும்தான் இருக்கிறது. அந்த அம்மாள் ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவையே நடத்தியவர், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1911இல் நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் பிறந்தார், மூன்று வயதில் அப்பா டைபாய்டில் போய்விட்டார், நடிப்புப் பள்ளியில் இந்தப் பெண் தேறாது என்று அனுப்பிவிட்டார்கள், இதெல்லாம் நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் வருஷக்கணக்கில் சினிமாவில் இருந்தும் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. குறைந்த பட்ஜெட் படங்களின் ராணி என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். நாற்பது வயதில், 1951 அக்டோபரில், ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவை டிவி தொடர் வந்தது.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. கியூபாவிலிருந்து வந்த டெசி அர்னாஸை, அவருடைய நிஜக் கணவரை, டிவியிலும் கணவராகப் போட சிபிஎஸ் டிவி நிறுவனம் தயங்கியது. ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று இழுத்தார்கள். சரி, ஜனங்களிடமே கேட்போம் என்று இருவரும் 1950இல் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்திக் காட்டிவிட்டு வந்தார்கள். அது முடிந்தால் அடுத்த தகராறு. அப்போது பெரும்பாலான டிவி பெட்டிகள் கிழக்குப் பக்கம் இருந்தன. அதனால் நியூயார்க்கில் வந்து நேரடி ஒளிபரப்பு செய்யுங்கள் என்றார்கள் சிபிஎஸ்ஸும் விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனியும். ஹாலிவுட்டிலிருந்து நேரடியாகச் செய்தால் டிவி திரையை அப்படியே படம்பிடித்த மங்கலான பிரதிதான் கிழக்கே போகும். இவர்களோ ஊரை விட்டு வர முடியாது, சினிமா மாதிரி 35 எம்எம் ஃபிலிமிலேயே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். செலவு கூடுமே? எங்கள் சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படச்சுருளின் உரிமை எங்களுக்கு என்றார்கள். ஒரு முறை ஒளிபரப்பிவிட்டால் தீர்ந்தது, அதை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்து சிபிஎஸ் தலையாட்டிவிட்டது!

இந்தப் பேரத்தில் டெசியின் மூளைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. மூன்று கேமரா, எதிரே நிஜமான பார்வையாளர்கள், ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ எடுத்த கார்ல் ஃப்ராய்ண்ட் ஒளிப்பதிவு. மூன்று கேமராவும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஷாட்டுக்கு ஷாட் லைட்டை மாற்ற முடியாதல்லவா, அதனால் ஃப்ராய்ண்ட் விளக்குகளை மேலேயே கட்டி எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் விழும்படி செய்தார். சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை இப்போது பார்த்தாலும் முகம் பளிச்சென்று தெரிகிறதே, அது இதனால்தான். சாக்லேட் வரும் பெல்ட்டின் வேகம் கூடக் கூட லூசி அதை வாயில் திணித்து, தொப்பியில் திணித்து, சட்டைக்குள்ளும் போடுகிறாரே, அதே வெளிச்சம்தான்.

1953 ஜனவரி 19 அன்று தொடரில் லூசிக்குக் குழந்தை பிறக்கிறது. அதே நாளில் நிஜத்திலும் சிசேரியனில் மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள், மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களைவிட அதிகம். கர்ப்பிணியை டிவியில் காட்டலாமா என்று பயந்து, வசனத்தை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி மூவரிடமும் காட்டி ஒப்புதல் வாங்கினார்களாம். லூசி ஓய்வில் இருந்தபோது பழைய எபிசோடுகளை மறுபடி போட்டார்கள், ஜனங்கள் அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். உரிமையை வைத்திருந்ததன் மதிப்பு அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பிறகு அந்தத் தொடரின் உரிமையை சிபிஎஸ்ஸுக்கே நல்ல விலைக்கு விற்றார்கள். (கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்பது என் கருத்து, சிபிஎஸ் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அதைப் போட்டுச் சம்பாதித்தது.) 1957இல் அவர்களுடைய டெசிலு கம்பெனி ஆர்கேஓ ஸ்டூடியோவை சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1930களில் லூசி மாதச் சம்பளக்காரி போலச் சின்னச் சின்ன வேஷம் கட்டிய அதே ஆர்கேஓ.

1960இல் விவாகரத்து. 1962இல் டெசியின் பங்கையும் வாங்கிக்கொண்டு லூசியே தலைவரானார். ஹாலிவுட்டின் பெரிய டிவி தயாரிப்பு நிறுவனத்துக்குப் பெண் தலைவர் என்றால் அப்போது பலரும் சிரித்திருப்பார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் செலவைப் பார்த்து நிர்வாகக் குழு பின்வாங்கியபோது செய்வோம் என்றவர் இவர்தான். வேடிக்கை என்னவென்றால், போர்முனையில் வீரர்களை மகிழ்விக்கப் போகும் நட்சத்திரங்களின் கதை என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தாராம். ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரும் அங்கிருந்து வந்ததுதான். 1967இல் கம்பெனியை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார்.

1986இல் வந்த கடைசித் தொடர் எட்டே வாரத்தில் நின்றுபோனதைக் கட்டுரையில் இரண்டு பத்திக்கு நீட்டியிருக்கிறீர்கள். அதில் ஒரு பத்தியையாவது டெசிலுவுக்குக் கொடுத்திருக்கலாம். இணைப்பில் இன்னும் இடமிருந்தால் கார்ல் ஃப்ராய்ண்டைப் பற்றியும் தனியாக யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்